இரட்டை எழுத்துக் காசுகளும் பிழைக் காசுகளும்: நேரில் கண்ட அனுபவங்கள்

(நாணயச் சேகரிப்பாளர் மன்றம் ஒன்றில் செப்புக்காசு, விளிம்பு, அச்சுக்கோடு, பழங்காசு என்ற புனைபெயர்களில் நால்வர் எழுதியவை.)

செப்புக்காசு:
சேகரிப்பாளர் கூட்டமொன்றில் ஒருவர் என்னிடம் நீட்டிய காசு இன்னும் மனத்தை உறுத்துகிறது. ஆண்டு எண்ணின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் வலப்பக்கத்தில் நிழலாக இன்னொரு கோடு ஓடியது. 1955ஆம் ஆண்டு லிங்கன் சென்ட் என்ற அமெரிக்கக் காசைப் போல இதுவும் டபுள் டை, அதாவது காசை அடிக்கும் எஃகு அச்சிலேயே உருவம் இரட்டித்துப் பதிந்த இரட்டை அச்சுக் காசு என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, அந்த இரண்டாவது கோடு தட்டையாகப் படிக்கட்டுப் போலத் தாழ்ந்து கிடந்தது. அது எடுத்துக்கொண்ட அகலம் அளவுக்கு இலக்கம் மெலிந்திருந்தது. காசு அடிபடும் நொடியில், தளர்ந்திருந்த அச்சு சற்றே நகர்ந்து, எழும்பிய உலோகத்தை ஓரமாக அமுக்கிவிட்ட இயந்திர இரட்டிப்பு அது. உண்மையான இரட்டை அச்சில் எழுத்து மெலியாது, தடிக்கும். அதன் முனைகளில் பிளவு தெரியும். இதையெல்லாம் சொன்னேன். அவர் அமைதியாக, “கண்ணுக்கு இரண்டு எழுத்து தெரிகிறதே, அது போதாதா?” என்றார். சுருக்கமான பதில் எனக்கு அகப்படவில்லை.

விளிம்பு:
என்னை உறுத்துவது ஒரு பிராக்கேஜ், அதாவது பிராக்கேஜ் என்று சொல்லப்பட்ட காசு. அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெற்று வில்லையின் ஒரு முகத்தில் வழக்கமான உருவமும், மறுமுகத்தில் அதே உருவம் இடவலம் மாறிக் குழிவாகவும் பதியும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். எனக்குக் காட்டப்பட்டதிலும் குழிவான முகம் இருந்தது. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்ததும் அந்தக் குழிவுக்கு அடியில் பழைய எழுத்துகள் நசுங்கிக் கிடந்தன, மறுபக்கமும் தட்டையாகியிருந்தது. இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் யாரோ இறுக்கியிருக்கிறார்கள். அதை வைத்திருந்த பெரியவர் பல ஆண்டுகளாகப் பஞ்சில் பொதிந்து காத்து வந்தார். உண்மையைச் சொன்னபோது அவர் காசைத் திருப்பி வாங்கவே இல்லை. என் உள்ளங்கையில் அப்படியே விட்டுவிட்டார்.

அச்சுக்கோடு:
செப்புக்காசு அவர்களின் முடிவு சரி. காரணம் காட்டிய விதம் முழுமையாக இல்லை. தட்டையாக இல்லாத இரட்டிப்பு எல்லாம் இரட்டை அச்சு என்று புதியவர்கள் புரிந்துகொள்வார்கள். நீண்ட நாள் உழைத்துத் தேய்ந்த அச்சும் இரட்டிப்பைக் காட்டும். எழுத்துகள் விளிம்பை நோக்கி வீங்கி, கரை கலைந்து தெரியும். அதே 1955ஆம் ஆண்டின் சென்ட்களில் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரிபவை உண்டு; அவை தேய்ந்த அச்சின் விளைவே. பிலடெல்பியா நாணயச்சாலையின் புகழ்பெற்ற இரட்டை அச்சு வேறு. அக்காலத்தில் ஹப் எனப்படும் மூல முத்திரையின் உருவத்தை, காசு அடிக்கும் வேலை அச்சில் பதிக்க ஒரே அழுத்தம் போதாது; இடையில் எஃகைச் சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் அழுத்தத்தின்போது கோணம் சற்றுத் திரும்பியதால் பிழை அச்சிலேயே குடியேறியது. அந்த அச்சில் அடித்தவற்றுள் 20,000 முதல் 24,000 வரை வெளியே போயின என்று மதிப்பிடுகிறார்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வில்லை, அச்சு, அடி ஆகிய மூன்றில் பிழை எங்கே பிறந்தது என்பதை முதலில் தீர்மானியுங்கள். பிறைபோல் வெட்டுப்பட்ட வில்லை என்றால், வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் வெட்டுப்பட்ட இடம் வரும்போது எதிர்ப்புறம் அழுத்தம் கிடைக்காது. அரத்தால் பின்னர் வெட்டிய காசில் இந்த மங்கல் இராது. அச்சில் விழுந்த விரிசல், காசில் மேடான கோடாக வரும். காசில் விழுந்த கீறல் பள்ளமாகவே இருக்கும். அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அடித்த 1937ஆம் ஆண்டு மூன்று கால் எருமை நிக்கலை (ஐந்து சென்ட் காசு) பாருங்கள்: இடையில் வில்லை இல்லாமல் அச்சுகள் மோதிய தழும்பை நீக்கத் தேய்த்தபோது முன்கால் ஒன்று அழிந்துபோனது. நல்ல காசில் வயிற்றுக்குக் கீழே மேடான புள்ளிகள் வரிசையாக இறங்கும். காலைச் சுரண்டி எடுத்த போலியில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. எடை பார்க்காமல் உலோகம் மாறியது என்று எவரும் அறிவிக்க வேண்டாம். 1943ஆம் ஆண்டின் எஃகு சென்ட்டுக்குச் செம்பு பூசி, அரிய செம்புக் காசு என்று நீட்டுபவர்களைச் சந்தித்திருக்கிறேன். காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் பேச்சு முடிந்துவிடும். என் அனுபவம் அவ்வளவுதான்.

விளிம்பு:
அந்தப் பெரியவரிடம் காந்தத்தையும் தராசையும் நீட்டியிருந்தால் அவர் மனம் இன்னும் நொந்திருக்கும். சோதனை வேறு, சொல்லும் முறை வேறு.

பழங்காசு:
செப்புக்காசு அவர்கள் தேடும் பதில் எனக்கு வேறொரு வழியில் கிடைத்தது. என்னிடமிருந்த ஒரு காசில் எழுத்துகள் பிளந்திருந்தன. விளிம்பிலிருந்து முதல் எழுத்து வரை மெல்லிய மேட்டுக்கோடும் இருந்தது. பின்னர் வேறொருவர் சேகரிப்பில் அதே ஆண்டுக் காசு கண்ணில் பட்டது. அதே எழுத்துகளில், அதே திசையில், அதே அளவில் பிளவு. கோடு மட்டும் வளர்ந்து முகத்தின் தாடையைத் தொட்டிருந்தது. இரண்டும் ஒரே அச்சின் பிள்ளைகள், என்னுடையது மூத்தது என்று அருகருகே வைத்ததும் விளங்கியது. அச்சில் குடியேறிய இரட்டிப்பு, அந்த அச்சு பெற்ற ஒவ்வொரு காசிலும் மாறாமல் வரும். அடியின்போது நேர்ந்த நகர்வு காசுக்குக் காசு மாறும். அந்த நண்பரை மறுபடி கண்டால், அதே இரட்டிப்புள்ள இன்னொரு காசைத் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தேடலில் அவருக்கே கிடைக்கும்.