ஜாங்கோ பட்டியலில் எண்ணுக்குப் பதிலாக நிலையின் பெயர் வர என்ன வழி?

நண்பர்களே, வணக்கம். கடன் விண்ணப்பங்களைப் பட்டியலிடும் ஒரு பக்கத்தை ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் உருவாக்கும் கட்டமைப்பு) செய்துகொண்டிருக்கிறேன். ஸ்டேட்டஸ் புலத்தில் இன்டிஜர்சாய்சஸ், அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர் வைக்கும் பட்டியல். டேட்டாபேஸில் 1, 2, 3 என்றுதான் இருக்கும். திரையில் ‘பரிசீலனையில்’, ‘ஒப்புதல் ஆனது’, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வர வேண்டும்.

டெம்ப்ளேட்டுக்கு மாடல் ஆப்ஜெக்டையே கொடுத்தால் எண்ணுக்குரிய பெயரைத் தரும் கெட்_ஸ்டேட்டஸ்_டிஸ்ப்ளே மெத்தட் அழகாக வேலை செய்கிறது. ஆனால் இந்தப் பட்டியலுக்குத் தரவு, புலங்களின் மதிப்பை மட்டும் எடுக்கும் வேல்யூஸ் வழியாக ஜேசனாகப் போகிறது. அது வெறும் டிக்‌ஷனரி, அந்த மெத்தடே அதில் கிடையாது. பெயர்களை ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு முறை எழுதி வைக்க மனமில்லை. நாளை புது நிலை ஒன்று சேர்ந்தால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும், ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.

அனுப்பும் முன் பைத்தானிலேயே எண்ணைப் பெயராக மாற்றலாம், சரி. அப்புறம் தேடல்? ஒருவர் ‘ஒப்புதல்’ என்று தட்டினால் டேட்டாபேஸுக்கு 2 மட்டும்தானே தெரியும். அன்னோடேட்டில் கேஸ், வென் போட்டு எண்ணை டேட்டாபேஸிலேயே பெயராக மாற்றினால் தேடலும் வரிசைப்படுத்தலும் அங்கேயே நடக்கும். ஆனால் பதிவுகள் லட்சத்தைத் தாண்டும்போது இன்டெக்ஸ் (விரைவாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் அகரவரிசை போன்ற அமைப்பு) பயன்படாமல் மெதுவாகிவிடுமோ என்பதுதான் கவலை. தேடும் சொல்லை முதலில் சாய்சஸில் பொருத்திப் பார்த்து, கிடைத்த எண்ணால் வடிகட்டுவது நல்லதா? பெரிய அட்டவணையில் இதைச் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நான் பயன்படுத்துவது ஜாங்கோ 4.2, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.