விசிட்டில் வந்து வேலை தேடுவது: பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நாங்கள் பார்த்தது

பாயான் லெப்பாஸ், பினாங்கிலிருந்து:

வேலை தேடி மலேசியாவுக்கு வர நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தங்கள் கையில் இருக்கப்போகிற பாஸ், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, எதற்கு இடம் தருகிறது என்பதைத்தான். சம்பளம், தங்குமிடம் எல்லாம் அப்புறம்.

2023 டிசம்பர் 1 முதல் இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் வரை தங்க முடிகிறது. ஊர் சுற்றவும் உறவினரைப் பார்க்கவும்தான் அந்த அனுமதி. அதில் வேலை செய்யக்கூடாது. ஆனால் சில ஏஜெண்டுகள், "முதல்ல விசிட்ல போங்க, அங்க போய் பெர்மிட் போட்டுக்கலாம்" என்று சொல்லியே பையன்களை விமானம் ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படி வந்த ஒரு தம்பியை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மகாமாரியம்மன் கோயில் வாசலில் பார்த்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார். சாப்பாட்டுக் கடையில் விடிகாலை தொடங்கி இரவு வரை பாத்திரம் கழுவும் வேலை. பாஸ்போர்ட் முதலாளியிடம். "பெர்மிட் வந்ததும் திருப்பிக் குடுப்பாங்களாம்க்கா" என்று அவர் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது மலேசியாவில் 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பல பேருக்கு இது தெரிவதே இல்லை. கோயிலில் பழக்கமான உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தம்பியோடு கடைக்கே போய் இதை எடுத்துச் சொன்னார். பாஸ்போர்ட் கைக்கு வந்தது, செய்த வேலைக்குச் சம்பளம் வரவில்லை. கெடு முடியும் முன் ஊருக்குப் போய்விட்டார். தங்கியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். கெடு தாண்டித் தங்குபவர்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

என் கதை வேறு. கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை, நான் அவருடைய மனைவி என்ற முறையில் டிபெண்டன்ட் பாஸில் இருக்கிறேன். ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வீட்டில் சும்மா இருப்பது கஷ்டம். டியூஷன் நடத்தும் ஒருவர் "கையில காசு குடுத்துடறேன், யாரு பார்க்கப் போறா" என்று கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று வேலை பாஸ் இல்லாமல் அந்தப் பணத்தைத் தொட மனமில்லை.

தொண்டு வேலைக்குக் கோயில்தான் வழி காட்டியது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பாதை நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். "நானும் வரலாமா?" என்று கேட்டேன். "வாம்மா, காய் நறுக்க ஆள் வேணும்" என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள். இன்று பினாங்கில் எனக்கு இருக்கும் நட்பெல்லாம் அந்தப் பந்தலில் கிடைத்ததுதான்.

தங்கும் விடுதிகளில் 'தொண்டர் தேவை' என்று விளம்பரம் வருகிறது. அறையும் சாப்பாடும் தந்து தினமும் வரவேற்பு மேசையில் உட்காரச் சொல்வார்கள். காசு கைமாறாவிட்டாலும் அதை வேலையாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. குடிநுழைவுத் துறையிடம் (இமிக்ரேஷன்) கேட்காமல் விசிட் பாஸில் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து:

பினாங்கு அக்கா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். சென்னையில் இருந்தபடியே ஆன்லைனில் நேர்காணல் முடித்தேன். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு, அதாவது வேலை பாஸுக்கு, விண்ணப்பித்தது நிறுவனம்தான். ஒப்புதல் வந்து, அதை வைத்து விசா வாங்கிய பிறகுதான் விமானம் ஏறினேன். காத்திருப்பது சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே நம்மவர்கள் கூடும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்போது, பாஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் போலீஸ் வண்டியைக் கண்டு நடுங்குவதைப் பார்க்கிறேன். அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அப்போது புரிகிறது. இன்னொன்று, இந்த பாஸ் ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான். வேறு இடத்துக்கு மாறினால் அந்த நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஏஜெண்ட் மூலம்தான் வர முடியும் என்றால், இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பத்தாவது முடிக்காதவர்கள் வேலைக்காக மலேசியா வர இந்திய அரசிடம் குடிபெயர்வு அனுமதியும் (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வாங்க வேண்டும்; விசிட் என்று சொல்லி அனுப்புவதே இதைத் தாண்டத்தான்.

ஐடி வேலைக்கு முயல்பவர்கள் இங்கேயே கேளுங்கள். என்னிடம் நிறுவனம் கேட்ட ஆவணங்களின் பட்டியலை எழுதுகிறேன்.