கன்றுக்காலும் ஜெலேயும்: பிரெஞ்சு வீட்டு அடுப்பில் எங்கள் அனுபவங்கள்

திஜோனிலிருந்து

ஈஸ்டர் நெருங்கிவிட்டது. எங்கள் தெருவில் உள்ள கறிக்கடைக் கண்ணாடிக்குள் ஜாம்போன் பெர்ஸியே பெரிய பெரிய கிண்ணங்களில் வந்து உட்கார்ந்துவிட்டது. பன்றித் தொடைக்கறியையும் பார்ஸ்லியையும் ஜெலேயில், அதாவது குளிர்ந்து உறைந்த கறிச்சாற்றில், பிடித்து வைத்த பண்டம் அது. எங்கள் பர்கண்டிப் பகுதியில் இது ஆண்டு முழுக்கக் கிடைக்கும். ஆனால் வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் ஈஸ்டருக்குத்தான் செய்வார்கள். இதைப் பற்றி எழுதச் சொல்லி இங்கே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உங்கள் அனுபவத்தையும் நீங்கள் எழுதுங்கள்.

புதுச்சேரியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த முதல் வசந்தம். கீழ்வீட்டு மதாம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அப்போதே அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. தட்டில் ஒரு துண்டு வைத்தார். இளஞ்சிவப்புக் கறி, நடுநடுவே பச்சைப் பசேலென்று பார்ஸ்லி, இரண்டையும் பிடித்து வைத்திருக்கும் கண்ணாடி மாதிரியான ஒன்று. தட்டை மேசையில் வைத்தபோது அது ஆடியது. எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் பாயா குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் இப்படித்தான் உறைந்து கிடக்கும். அதைச் சுடவைத்துத்தான் சாப்பிடுவோம். உறைந்தபடியே யாரும் தட்டில் போட மாட்டார்கள்.

மதாமின் முகத்துக்காக ஒரு வாய் வைத்தேன். கடிக்கத் தேவையே இருக்கவில்லை. நாக்கில் பட்டதும் உருகிவிட்டது. முதலில் வினிகரின் புளிப்பு, பிறகு பூண்டு, பார்ஸ்லி, கடைசியாக நல்ல கறிச்சாறு. சூடான சூப்பில் எல்லாம் ஒன்றாக மோதும், இங்கே ஒவ்வொன்றாக வந்தது. அன்று இரண்டாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன்.

அடுத்த ஆண்டு அவரோடு சேர்ந்து செய்தேன். லேசாக உப்பில் ஊறிய பன்றித் தொடைக்கறி இரண்டு கிலோ. முதல் நாள் இரவே அதைத் தண்ணீரில் போட்டு உப்பை இறக்க வேண்டும். அப்புறம் ஒரு கன்றுக்கால், நீளவாக்கில் பிளந்தது. இது இல்லாமல் மதாம் அடுப்பையே பற்றவைக்க மாட்டார். கன்றுக்காலைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும். நுரையும் அழுக்கும் அதோடு போய்விடும். பிறகு கறி, கால், கேரட், வெங்காயத்தில் குத்திய கிராம்பு, மிளகு, தைம், லோரியே என்கிற பிரியாணி இலை, பார்ஸ்லித் தண்டு எல்லாம் ஒரே பானையில். மூழ்கும் அளவுக்கு அலிகோத்தே என்னும் இந்த ஊர் வெள்ளை ஒயினும் தண்ணீரும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கொதிக்கவே கூடாது. பிரெஞ்சில் இதற்கு 'நடுங்குவது' என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீர் மேல்பரப்பு நடுங்க வேண்டும், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து போக வேண்டும், அவ்வளவுதான். மூன்று மணி நேரம். தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்னும் புரதம் மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. ஆறியபின் சாற்றைக் கட்டிப்போடுவது அதுதான். தளதளவென்று கொதித்தால் கொழுப்பும் துணுக்குகளும் சாற்றில் கலந்து பால்போல் கலங்கிவிடும்.

இது தெரிந்தும் ஒருமுறை அவசரத்தில் பிரஷர் குக்கரில் வைத்தேன். விசிலைத் தூக்கி ஆவியை ஒரேயடியாக வெளியே விட்டதும் உள்ளே எல்லாம் குமுறி, சாறு கலங்கி, கறி நார்நாராகிவிட்டது. மதாமிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. ப்ளுவா நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்த தெனி பாப்பேன் என்னும் விஞ்ஞானி 1679இல் லண்டனில் செய்து காட்டிய இறுக மூடிய பாத்திரத்தைப் பற்றிச் சொன்னார். குக்கருக்கு அதுதான் மூதாதை. எலும்பை மெத்தென்று ஆக்கி அதன் சத்தை இறக்குவதற்குத்தான் அவர் அதைச் செய்தாராம். "அவருக்குக் கடினமான எலும்பு இருந்தது, உனக்குக் கன்றுக்கால் இருக்கிறது, உனக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார்.

கறி வெந்ததும் கையாலேயே பெரிய துண்டுகளாகப் பிய்க்க வேண்டும். பொடிப்பொடியாக ஆக்கக் கூடாது. சாற்றை வடிகட்டிக் கொழுப்பை எடுத்துவிட்டுக் கொஞ்சம் சுண்டவிட வேண்டும். ஒரு பெரிய கட்டுப் பார்ஸ்லி, பூண்டு, எஷலோத் என்கிற சின்ன வெங்காயம், இவற்றை நறுக்கி ஒரு கரண்டி வினிகரில் பிசறி, கண்ணாடிக் கிண்ணத்தில் கறி ஒரு அடுக்கு, பச்சை ஒரு அடுக்கு என்று போட்டுச் சாற்றை ஊற்ற வேண்டும். மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் ஏதாவது பாரம். ஒரு இரவு குளிரில் இருக்கட்டும்.

ஊற்றுவதற்கு முன் சோதனை ஒன்று உண்டு. ஒரு கரண்டிச் சாற்றைச் சின்னத் தட்டில் விட்டுக் குளிர்பெட்டியில் பத்து நிமிடம் வையுங்கள். சாய்த்தால் வழியக் கூடாது, ஆனால் விரலால் தொட்டால் நடுங்க வேண்டும். வழிந்தால் இன்னும் சுண்டவிடுங்கள். ரப்பர்போல் நின்றால் கொஞ்சம் சாறோ தண்ணீரோ சேருங்கள். பலரும் ரப்பராக்கிவிட்டுத்தான் ஜெலே பிடிக்கவில்லை என்கிறார்கள். அதே தட்டில் உப்பையும் பார்த்துவிடலாம். சூட்டில் சரியாக இருக்கும் உப்பும் புளிப்பும் குளிர்ந்தபின் மங்கித் தெரியும். அதனால் சூடாக ருசி பார்க்கும்போது ஒரு பிடி தூக்கலாகவே இருக்க வேண்டும்.

பாரிசிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு என்ர முதல் குசினி ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1991இல் வந்தேன். லா ஷப்பல் பக்கம் ஒரு அறையில் ஐந்து பேர். முதல் வேலை பாத்திரம் கழுவுற பிளோன்ஜ். இங்கே வந்த எங்கட ஆட்கள் கன பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். மூன்றாவது வருடம், விருந்துகளுக்குச் சமைத்துக் குடுக்கிற கடை ஒன்றில் குளிர்ப் பக்கத்துக்கு என்னை மாற்றினார்கள். பிரெஞ்சுக் குசினியில் சூடான பக்கம் வேறு, குளிரான பக்கம் வேறு. ஜெலே வேலை முழுக்கக் குளிரான பக்கத்தில்தான்.

அங்கே சாறு தெளிவாக இருக்க வேணும். வீட்டில் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை, கடையில் அதை ஆரும் வாங்க மாட்டார்கள். தெளிய வைக்கிற விதத்தை முதல் தரம் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறிய சாற்றில் முட்டை வெள்ளைக்கரு, கொழுப்பில்லாத அரைத்த மாட்டிறைச்சி, பொடியாக வெட்டிய லீக்ஸ், கேரட் எல்லாத்தையும் போட்டுக் கலக்கினார் தலைமைச் சமையல்காரர். நல்ல சாற்றைப் பழுதாக்கிறார் என்றுதான் நினைத்தேன். மெதுவாகச் சூடாக்கி, அடிப்பிடிக்காமல் கிண்டி, சூடு ஏறத் தொடங்கியதும் கரண்டியை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கரு உறைந்து, எல்லா அழுக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஒரு ஆடைபோல மேலே வந்தது. அதில் ஒரு ஓட்டை போட்டார். உள்ளே தேயிலைச் சாயம் மாதிரித் தெளிந்த சாறு. நாற்பது நிமிடம் அப்படியே விட்டு, ஓட்டை வழியாக அகப்பையால் அள்ளி, ஈரத்துணியில் வடித்தோம். பிழியக் கூடாது, தானாக வடிய வேணும். துணியைப் பிழிந்தால் பட்ட பாடு எல்லாம் வீண்.

நான் கூடுதலாகச் செய்தது முட்டை ஜெலே. முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் சரியாக ஆறு நிமிடம் விட்டு, ஐஸ் தண்ணீரில் போட்டு உரிக்க வேணும். உள்ளே மஞ்சள் ஓட வேணும். முட்டை வடிவ அச்சில் முதலில் மெல்லிய ஜெலே ஒரு படை ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் டாரகன் இலை இரண்டைக் குறுக்காக வைத்து, ஒரு துண்டு ஹாம், பிறகு முட்டை, மிச்சம் ஜெலே. கவிழ்க்கும்போது அந்த இலைதான் மேலே தெரியும். ஊற்றுகிற ஜெலேயின் பதம் விளங்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. சூடாக ஊற்றினால் அடியில் உறைந்தது கரைந்து இலை மிதக்கும். அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்துவிட்டால் கட்டிகட்டியாக விழுந்து காற்றுக்குமிழி நிற்கும். ஐஸ் மேலே கிண்ணத்தை வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் நல்லெண்ணெய் மாதிரி ஓடும். அந்த நேரம் ஒரு நிமிடம்தான் நிற்கும். அதுக்குள்ளே ஊற்றிவிட வேணும்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேணும். மாவுக்குள் இறைச்சியை அடைத்துச் சுடுகிற பத்தே ஆன் க்ரூத் இருக்கிறதல்லவா, சுடும்போது இறைச்சி சுருங்கி மாவுக்கும் அதுக்கும் இடையில் வெளி விழும். மேலே விட்ட புகைபோக்கி ஓட்டை வழியாக ஜெலே ஊற்றி அதை நிரப்புவோம். ஒரு நத்தார் முதல்நாள், நான் ஊற்ற ஊற்ற நிரம்பவே இல்லை. தூக்கிப் பார்த்தால் அடியில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு, மேசையெல்லாம் ஜெலே. கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற வயதான பிரெஞ்சுக்காரர் ஒரு சொல்லும் கதைக்காமல், இளகிய வெண்ணெயை விரலில் எடுத்து வெடிப்பில் பூசிக் குளிரில் வைத்தார். வெண்ணெய் இறுகி அடைத்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து ஆறிய ஜெலேயை ஊற்றினோம், ஒரு துளி ஒழுகவில்லை. இன்றைக்கு என்னிடம் வேலை பழகுகிற பெடியளுக்கு முதலில் காட்டுவது அந்த வெண்ணெய்தான்.

துலூஸிலிருந்து

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு மாதம் ஆற்றங்கரைக்குப் பிக்னிக் போனபோது கோழி ஜெலே செய்து எடுத்துப் போனேன். வெயில் முப்பத்தாறு டிகிரி. டப்பாவைத் திறந்தால் கோழித்துண்டுகள் சாற்றில் மிதந்தன. குழந்தைகள் அதை ரொட்டியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டார்கள், எனக்குத்தான் அழுகை வந்தது. ஜெலட்டின் முப்பது டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

அதற்கு அடுத்த முறை ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி (அகர் அகர்) போட்டேன். வெயிலில் அசையாமல் நின்றது. ஆனால் வாயில் உருகவில்லை, கத்தியால் வெட்டியது வெட்டியபடி மென்று தின்ன வேண்டியிருந்தது. கடல்பாசி இளக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட கொதிக்கும் சூடு வேண்டும், வாய்ச்சூடு போதாது. நோன்புக் கடல்பாசி எனக்கு உயிர், ஆனால் பால், சர்க்கரையோடுதான் அது அழகு. கோழிச்சாறுக்குப் பொருந்தவில்லை. இப்போது ஜெலேயைக் குளிர்காலத்தில் மட்டும் செய்கிறேன்.

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் பன்றி சேர்க்க மாட்டோம். கடையில் கிடைக்கும் ஜெலட்டின் தாளை நம்பலாமா அக்கா?

லீல் பக்கத்திலிருந்து

எல்லாரும் தெளிவு, தெளிவு என்கிறீர்கள். எங்கள் வடக்கில் வந்து பாருங்கள். இங்கே பொட்யெவ்லெஷ் என்று ஒன்று. பிளெமிஷ் மொழியில் சின்னப் பானைக் கறி என்று பொருள். கோழி, முயல், கன்று, பன்றி என்று நான்கு கறியையும் பச்சையாகவே மண்பாத்திரத்தில் அடுக்கி, நடுவே வெங்காயம், தைம், ஜூனிப்பர் காய், வெள்ளை ஒயின், தாராளமாக வினிகர் சேர்த்து மூடி, மிதமான அவனில் மூன்று மணி நேரம். பிறகு ஒரு நாள் முழுக்கக் குளிரில். யாரும் தெளிய வைப்பதில்லை. ஜெலே மங்கலாகத்தான் இருக்கும்.

முதல் தடவை என் கணவரின் நண்பர் வீட்டில் சாப்பிட்டேன். குளிர்ந்த கறிக்குப் பக்கத்திலேயே, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த உருளைக்கிழங்கு வறுவலைக் குவித்து வைத்தார்கள். எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் தட்டிலேயே முள்கரண்டியால் ஜெலேயைத் தள்ளி வறுவலின் மேல் ஏற்றினார். சூட்டில் அது உருகி, வினிகரும் கறிச்சாறும் வறுவலுக்குள் இறங்கியது. சாம்பார் ஊறின வடைக்கு உண்டான சுகம் அதில் இருந்தது. துலூஸ் தங்கச்சி, உங்கள் குழந்தைகள் ரொட்டியில் தோய்த்ததும் இதுதான். அழ வேண்டாம்.

திஜோனிலிருந்து, மறுபடியும்

பாரிஸ் அண்ணாவின் வெண்ணெய் வித்தையை எழுதி வைத்துக்கொண்டேன்.

துலூஸ் தங்கைக்கு: இங்கே சாதாரணமாக விற்கும் தாள்கள் பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்து எடுத்தவை. பொட்டலத்தில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். மாட்டு ஜெலட்டினும் மீன் ஜெலட்டினும் தனியாகக் கிடைக்கின்றன, ஹலால் கடைகளில் கேளுங்கள். ஆனால் உங்களுக்குத் தாளே வேண்டாம் என்பேன். கோழியோடு கோழிக்கால்களையும் சிறகுகளையும் ஒரு கன்றுக்காலையும் உங்கள் ஹலால் கறிக்கடையிலேயே வாங்கி, ஒயினுக்குப் பதில் எலுமிச்சையோ நல்ல வினிகரோ சேர்த்துச் செய்யுங்கள். தானாகவே உறையும். தாள் போட்டே ஆக வேண்டுமென்றால், இரண்டு கிராம் தாள்கள் அரை லிட்டருக்கு ஐந்தாறு. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அடுப்பிலிருந்து இறக்கிய சாற்றில் கரையுங்கள். போட்ட பிறகு கொதிக்கவிடாதீர்கள், பிடிப்பு குறைந்துவிடும். அலங்காரத்துக்கு அன்னாசியோ பப்பாளியோ பச்சையாக வைத்துவிடவும் கூடாது. அதிலுள்ள நொதி ஜெலட்டினை அரித்து மறுபடி தண்ணீராக்கிவிடும்.

லீல் தோழி சொன்னது உண்மை. மதாமும் மிஞ்சிய பெர்ஸியேயின் ஓரங்களைச் சுட்ட உருளைக்கிழங்கின் மேல் வைத்துத்தான் திங்கட்கிழமை சாப்பிடுவார். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் முதல் துண்டு மட்டும் குளிரக் குளிர, கொஞ்சம் கடுகு விழுதோடு, ஊறின குட்டி வெள்ளரிக்காயோடுதான்.

மதாமுக்கு இப்போது பானையைத் தூக்க முடியாது. இந்த ஆண்டு என் அடுப்பில்தான். கறிக்கடையில் கன்றுக்கால் சொல்லி வைத்துவிட்டேன், வியாழக்கிழமை காலையில் எடுக்க வேண்டும். பார்ஸ்லியை அவரே உட்கார்ந்தபடி நறுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உப்பு பார்க்கும் தட்டையும் அவர் முன்னால்தான் வைப்பேன்.