அப்பா கல்லறைக்கு கருப்பு கிரானைட்டா, மார்பிளா, வெண்கலமா? கொஞ்சம் சொல்லுங்க

முத்துநகர்_இளையவன்
எல்லாருக்கும் வணக்கம். அப்பா போன பிப்ரவரில தவறிட்டாங்க. இப்ப மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான் இருக்கு, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள்ள கட்டி முடிச்சு மந்திரிக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. அண்ணன் வெள்ளை மார்பிள்தான் கல்லறைக்கு அழகுன்னு சொல்றான், எனக்கு சுவாமிமலைல வெண்கலத்துல பட்டயம் வார்த்து வைக்கணும்னு இருக்கு. எங்க கல்லறைத் தோட்டம் தூத்துக்குடில கடலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்ல, எப்பவும் உப்புக்காத்து. தாத்தா கல்லறை மார்பிள்தான், 40 வருஷத்துல எழுத்தெல்லாம் மழுங்கி இப்ப விரலால தடவித்தான் படிக்கிறோம், "பிறப்பு"ல பி மட்டும் தெளிவா இருக்கு. அப்பாவுக்கு அப்படி ஆயிடக்கூடாது.

கல்பட்டறை_ஓசூர்
தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. 18 வருஷமா கல்லறைக் கல்லு அறுக்குற வேலைலதான் இருக்கேன். மார்பிள் வேண்டாம். அது சுண்ணாம்புச் சத்து, மழைத்தண்ணில இருக்கற லேசான அமிலத்துக்கே கொஞ்சம் கொஞ்சமா கரையும், போதாததுக்கு கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஆசிட் ஊத்தித் தேய்ச்சுக் கழுவுறாங்க, எழுத்து ஓரம் எல்லாம் அதோட போயிரும். விழுப்புரம் பக்கம் கிடைக்கிற குன்னம் கருப்பு கிரானைட் வாங்குங்க. வாங்கும்போது வெள்ளத்துணில அசிட்டோன் நனைச்சு நல்லா தேய்ச்சுப் பாருங்க, துணி கருத்துச்சுன்னா அது சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏத்தினது, ரெண்டு வெயில் காலத்துல வெளுத்துரும்.

கல்ல விட அடித்தளம்தான் முக்கியம். 5 அடிக்கு 2½ அடி, 2 இஞ்ச் கனம்னா அந்தப் பலகை மட்டுமே 170 கிலோ கிட்ட வரும். தோண்டி மூடின மண்ணு ஒரு மழைக்காலமாவது பாத்தாத்தான் அமுங்கி உக்காரும், உங்க ஊருக்கு மழையே அக்டோபருக்கு மேலதான, அதனால இந்த நவம்பருக்கே கட்டணும்னா குழிக்கு மேல கட்டாதீங்க, குழிக்கு ரெண்டு பக்கமும் தோண்டாத மண்ணுல உக்கார்ற மாதிரி கம்பி போட்ட கான்கிரீட் பீம் போட்டு அது மேல கட்டுங்க. இல்லேன்னா அடுத்த வருஷமே ஒரு பக்கம் சாஞ்சு நடுவுல விரிசல் விட்டிரும்.

மரியா_நாகர்கோவில்
வெண்கலம் பத்தி மட்டும் சொல்றேன். எங்க சித்தப்பாவுக்கு ஆசையா வச்சோம், 14 மாசத்துல யாரோ கடப்பாறை போட்டு நெம்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க, எடைக்குப் போடத்தான் இருக்கும். நாலு ஓட்டையும் துருக்கறையும்தான் மிச்சம். அப்புறம் பாத்தா இரும்பு ஸ்க்ரூ போட்டிருக்காங்க, துரு ஊதி கல்லும் ஓரத்துல தெறிச்சிருந்துச்சு. சித்தி அந்த ஓட்டைங்களத் தொட்டுட்டே நின்னது இன்னும் கண்ணுலயே இருக்கு.

வெண்கலம் மட்டமானதுன்னு சொல்ல வரல. கோஹிமா போர்க் கல்லறைல சின்னச் சின்ன கல்பீடத்துல வெண்கலப் பட்டயம்தான், இன்னைக்கும் பேரு நல்லா படிக்கலாம், ஆனா அங்க காவலும் பராமரிப்பும் இருக்கு. கடல் பக்கம்னா உப்பு பட்டு பச்சை பூக்கும், அது வழிஞ்சு கல்லுலயும் கறையாகும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழுவி மெழுகு பூசணும். உங்களுக்கு வேணும்னா பேரு, தேதி எல்லாம் கல்லுல வெட்டிட்டு, ஒரு சின்ன சிலுவை மட்டும் வெண்கலத்துல வைங்க. பின்பக்கமே வெண்கல முளையோட சேத்து வார்க்கச் சொல்லி, கல்லுல துளை போட்டு எபாக்ஸி பசை வச்சு இறக்கணும், வெளிய ஸ்க்ரூவே தெரியக்கூடாது. அது போனாலும் பேரு நிக்கும்.

எழுத்துக்காரன்
எல்லாரும் கல்லப் பத்தியே பேசுறீங்க, தமிழ் எழுத்துதான் முதல்ல கெட்டுப்போறது. தஞ்சாவூர் பெரிய கோயில் சுவத்துல ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் படிக்க முடியுதுன்னா உளியால ஆழமா வெட்டினதுதான் காரணம். லேசர்ல போட்டோவும் எழுத்தும் போட்டுத் தரேன்னு சொல்வாங்க, அது பாலிஷ மட்டும் சுரண்டி வெளுப்பாக்குறது. மணல வேகமா பீச்சி அடிச்சோ உளி வச்சோ ஆழமாத்தான் வெட்டணும், எழுத்து ஒரு இஞ்சுக்குக் குறையாம இருக்கட்டும், சின்னதா போட்டா புள்ளியும் சுழியும் அடைஞ்சு போகும். பெயிண்ட் அடிச்சு மட்டும் விட்டா அது கல்வெட்டே இல்ல.

இன்னொன்னு, நீங்க யூனிகோடுல டைப் பண்ணி அனுப்புவீங்க, கல்லு வெட்டுறவங்க அத பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்டுக்கு மாத்தும்போது புள்ளியோ கொம்போ விழுந்துரும். எங்க குடும்பக் கல்லுல "கர்த்தருக்குள்" புள்ளி இல்லாம "கர்த்தருக்குள"ன்னு நிக்குது, ஒவ்வொரு தடவை போகும்போதும் மனசு வலிக்குது. முழு சைஸ்ல பேப்பர்ல பிரிண்ட் எடுக்கச் சொல்லி, வீட்ல மூணு பேர் தனித்தனியா வாசிச்சு கையெழுத்துப் போட்டப்புறம்தான் வெட்டவே விடணும்.

முத்துநகர்_இளையவன்
ரொம்ப நன்றிங்க. அண்ணன்கிட்டயும் காமிச்சேன், கருப்பு கல்லுக்கு ஒத்துக்கிட்டான், வெண்கலத்துல சிலுவை மட்டும். அம்மா ஒன்னு கேக்குறாங்க, அப்பா பேர அவங்க கையெழுத்துலயே வெட்ட முடியுமான்னு. பேங்க் பாஸ்புக்ல அப்பா தமிழ்ல போட்ட கையெழுத்து இருக்கு, கடைசி எழுத்த இழுத்து கீழ ஒரு கோடு போடுவாங்க.

கல்பட்டறை_ஓசூர்
முடியும் தம்பி. பேனா கோட்ட அப்படியே பெருசாக்கினா மெலிசாத்தான் வரும், மணல் அடிக்கிறப்போ கல்லு மேல ஒட்டுற ஸ்டென்சில் (எழுத்து வடிவம் வெட்டின தாள்) பிஞ்சிரும், அதனால வளைவ மாத்தாம கோட்ட மட்டும் 3 மில்லிமீட்டருக்குத் தடிப்பாக்கணும். போன்ல எடுக்காதீங்க, சாஞ்சுரும். பாஸ்புக்க ஸ்கேனர்ல 600 dpi துல்லியத்துல எடுத்துக்கோங்க, அந்தக் கீழ்க்கோட்டையும் விடாம எடுங்க.