பை-ராட்ஸ் எண்ணுக்கு "நிலை" வேண்டாம், "ஐய எண்" எனலாம்

அனைவருக்கும் வணக்கம். புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர்களுக்காக நாம் எழுதும் கையேட்டின் சொற்கள் பற்றி, முதலில் அந்த ஸ்கேன் அறிக்கையில் வரும் பை-ராட்ஸ் (PI-RADS) எண் பற்றி.

> பை-ராட்ஸ் 4 என்பதை "நான்காம் நிலை" என்றே எழுதலாமே. "நிலை" எல்லாருக்கும் தெரிந்த சொல்.

எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் ஐயா சிக்கல். நான்காம் நிலை என்றாலே புற்றுநோய் உடலெங்கும் பரவிவிட்டது என்றுதான் நம் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். பை-ராட்ஸ் 4 அதைச் சொல்லவே இல்லை. படத்தில் தெரிகிற ஓர் இடம் கவலைப்பட வேண்டிய புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கதிரியல் மருத்துவர் போடும் எண் அது. 1 என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, 3 இரண்டுங்கெட்டான், 5 மிக அதிகம். 4-ஆ 5-ஆ என்பது பெரும்பாலும் அந்த இடம் ஒன்றரை சென்டிமீட்டரை எட்டுகிறதா, சுரப்பியின் எல்லையைத் தாண்டுகிறதா என்பதைப் பொறுத்தது. புற்றுநோய்தானா என்பதை பயாப்ஸிதான் (சிறு திசுத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) உறுதிசெய்யும். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே மகனோ மகளோ அறிக்கையைப் பிரித்துப் படித்துவிடுகிற வீட்டில் "நான்காம் நிலை" என்ற சொல் என்ன பாடு படுத்தும், பாருங்கள்.

இந்த நோயில் எண்கள் ஒன்றல்ல, மூன்று. படத்தை வைத்துப் போடுவது பை-ராட்ஸ். பயாப்ஸியில் செல்களின் தோற்றத்தை வைத்துப் போடுவது கிரேடு, அதுவும் 1 முதல் 5 வரை. எவ்வளவு பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். ஒரே ஆளுக்கு பை-ராட்ஸ் 4, கிரேடு 1, ஸ்டேஜ் 1 என்று வரலாம். ஸ்டேஜுக்கு "நிலை", கிரேடுக்கு "தரம்" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றைத் தொடாமல் பை-ராட்ஸுக்குத் தனிச்சொல் வேண்டும். என் பரிந்துரை: ஐய எண்.

> "ஐயம்" புலவர் சொல். "சந்தேக எண்" போதாதா?

"சந்தேக எண்" என்றால் அந்த எண்ணே சரியா தவறா என்று தெரியவில்லை போல ஒலிக்கிறது. "வாய்ப்பு எண்" என்று பார்த்தேன். வாய்ப்பு நல்லதற்குத்தான் வரும் என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஐயவினாவைப் பள்ளியில் படித்தவர்கள்தாம் நாம் எல்லாரும், அவ்வளவு அந்நியச் சொல் அல்ல.

அப்புறம், படம் தெளிவாகத் தெரியப் போடும் காடோலினியம் ஊசியை வரைவில் "சாயம்" என்று எழுதியிருக்கிறோம். அது நிறமற்ற திரவம். சிறுநீர் நிறம் மாறுமோ என்று வீணாகப் பயப்படுவார்கள். "தெளிவூட்டி" என்று வைக்கலாமா? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டிய இடம் இது என்பதால், எந்த ஊசி என்று குழப்பமில்லாமல் புரிய வேண்டும்.

வரைவில் விடுபட்டவை சில உண்டு. "உடலில் உலோகம் உள்ளதா" என்ற பொதுக் கேள்வி போதாது. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தக்குழாய் கிளிப் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். லேத், வெல்டிங், கிரைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவரிடம் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததா என்று கேட்காவிட்டால் அவராகச் சொல்லமாட்டார். அந்தக் காந்தத்துக்கு அருகே சின்னத் துகள்கூடக் கண்ணைக் கெடுத்துவிடும். பயாப்ஸி ஏற்கெனவே எடுத்திருந்தால் வழக்கமாக 6 வாரமாவது இடைவெளி விடுவார்கள். உள்ளே தங்கிய ரத்தம் படத்தில் நோய் போலவே தெரியக்கூடும். மலக்குடலில் வாயு இருந்தால் படம் கோணலாகும், அதனால்தான் மலம் கழித்துவிட்டு வரச் சொல்கிறார்கள், சில இடங்களில் எனிமாவும் தருகிறார்கள். காரணத்தையும் சேர்த்து எழுதினால் கூச்சப்பட்டுத் தவிர்க்கமாட்டார்கள்.

கையேட்டில் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: "உங்கள் அறிக்கையில் ஐய எண் (பை-ராட்ஸ்) 1 முதல் 5 வரை இருக்கும். இது புற்றுநோயின் நிலை அல்ல. பயாப்ஸி தேவையா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு இது உதவும்."

"தெளிவூட்டி" பற்றி ஸ்கேன் மையங்களில் வேலை செய்கிறவர்கள் கருத்துச் சொன்னால் நல்லது. நோயாளியிடம் அந்த ஊசியை நீங்கள் என்ன சொல்லி அழைக்கிறீர்கள்?