கேட்ல பெல் அடிச்சா வீட்டு லேண்ட்லைன் போன்லயே எடுத்துப் பேசணும்: பெங்களூரு பழைய வீடு, வழி சொல்லுங்க

மல்லேஸ்வரம்_பழையவீடு:
எல்லாருக்கும் வணக்கம். மல்லேஸ்வரத்துல எங்க தாத்தா 1958ல கட்டின வீடு, கேட்டுக்கும் ஹாலுக்கும் நடுவுல 30 மீட்டர் இருக்கும், நடுவுல ஒரு சம்பிகே (செண்பக) மரம், ரெண்டு தென்னை. அம்மாவுக்கு 79 வயசு, முட்டி வலி, பகல்ல தனியா இருக்காங்க. கொரியர்காரன் பெல் அடிச்சா அவங்க எழுந்து வாசலுக்கு வர்றதுக்குள்ள அவன் போயே போயிடறான், இல்லன்னா யாருன்னு தெரியாமலே கேட்டைத் திறந்து விட்டுடறாங்க, எனக்கு ஆபீஸ்ல உக்காந்து வயித்துல புளியைக் கரைக்குது.

பையன் ஆசையா ஒரு வைஃபை டோர்பெல் வாங்கி மாட்டினான். 14 இஞ்ச் செவுரு, அதைத் தாண்டி தோட்டம், சிக்னல் ஒரு கோடு வந்தா பெரிய விஷயம். வந்தாலும் ஆப்பைத் திறந்து பச்சை பட்டனை அமுக்குன்னா அம்மா போனையே கவுத்து வச்சுட்டு போயிடறாங்க. ஆனா லேண்ட்லைன் அடிச்சா மட்டும் எந்த மூலையில இருந்தாலும் போய் எடுத்துடுவாங்க, 50 வருஷப் பழக்கம். அதனால கேட்ல பட்டனை அமுக்கினா அந்த லேண்ட்லைன் போனே அடிக்கணும், ரிசீவரை எடுத்தா கேட்ல நிக்கறவன்கிட்ட பேசணும், முடிஞ்சா அங்கிருந்தே கேட்டையும் திறக்கணும்.

நிலைமை இதுதான்: ஹால், சமையக்கட்டு, மாடின்னு மூணு போன் ஒரே லைன்ல இருந்துச்சு. போன வருஷம் பழைய காப்பர் (செம்புக் கம்பி) லைன் போய் ஃபைபர் லைன் வந்ததுலேருந்து மோடம் பக்கத்துல இருக்கற ஹால் போன் மட்டும்தான் வேலை செய்யுது, மத்த ரெண்டும் சும்மா தொங்குது. கேட்லேருந்து ஹாலுக்கு பழைய காலிங் பெல் வயர் ஒண்ணு இருக்கு. எலெக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு "ஆகல்ல சார், கோடே ஒடீபேகு" (ஆகாது சார், செவுத்தை உடைக்கணும்)ன்னுட்டார். ரெட் ஆக்சைட் தரையையும் செவுத்தையும் உடைக்க எனக்கு மனசு வரல. அந்த பெல் வயர்லயே டோர் போனை, அதான் கேட்ல பட்டனும் மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கற பேனலை, மாட்ட முடியுமா? நேரா மோடத்துல போன் மாட்டற ஓட்டையில சொருகிடலாமா?

பழைய_லைன்மேன்:
சார், மொதல்ல அந்த பெல் வயரைத் தொடாதீங்க. நம்ம ஊர் காலிங் பெல் முக்கால்வாசி 230 வோல்ட்லதான் ஓடுது, கேட்ல இருக்கற சுவிட்ச்சுக்கே மெயின்ஸ் கரண்ட் போகுது. வெளிநாட்டு வீடியோல எல்லாம் வெறும் கையால பிரிச்சு காட்டறான், அவன் ஊர்ல சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு வோல்ட்டைக் குறைச்சுதான் பெல்லுக்கு விடுவான். அதைப் பாத்துட்டு நம்ம வீட்டுல டோர் போனை அந்த வயர்ல சேத்தா டோர் போன் கருகும், நல்ல நேரம் இருந்தா அதோட போகும்.

1958 வயர்னா ரப்பர் மேல பருத்தி நூல் சுத்தினதா இருக்கும், மடக்கினாலே உதிரும். அதை நம்பி எதுவும் ஓட்ட வேணாம், ஆனா தூக்கியும் போடாதீங்க. தோட்டத்துல அது இரும்பு பைப்புக்குள்ள போகுதான்னு பாருங்க. போகுதுன்னா உங்களுக்கு யோகம். மெயினை ஆஃப் பண்ணி, பெல் வயரை ரெண்டு பக்கமும் கழட்டி, மீட்டர் வச்சு சப்ளை இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு, அதோட வால்ல புது கேபிளைக் கட்டி மறுபக்கத்துலேருந்து இழுங்க. செவுரும் உடைய வேணாம் தரையும் உடைய வேணாம். கேபிள் ஜெல்லி அடைச்ச டெலிபோன் கேபிளா பாத்து வாங்குங்க, பைப்புக்குள்ள மழைத் தண்ணி நின்னாலும் தாங்கும்.

அடுத்தது மோடம். அதுல நேரா டோர் போனைச் சொருகினா எதுவும் நடக்காது. போன் லைன்ல மணி அடிக்கணும்னா 75 வோல்ட்டுக்கு கிட்ட ஏசி யாராவது அனுப்பணும், சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி நிக்கணும். முன்னாடி அதை எக்ஸ்சேஞ்ச் குடுத்துச்சு, இப்ப மோடம் குடுக்குது. கேட்ல இருக்கற டோர் போன் குடுக்காது, அதுவும் ஒரு போன் மாதிரிதான், தன்னால இன்னொரு போனை அடிக்க வைக்க முடியாது. நடுவுல ஒருத்தன் வேணும், அதுதான் ஈபிஏபிஎக்ஸ். சின்ன ஆபீஸ்ல, லாட்ஜ்ல செவுத்துல மாட்டியிருப்பாங்களே அந்த டப்பா. ஒரு லைன் நாலு எக்ஸ்டென்ஷன் உள்ளதே உங்களுக்கு ஜாஸ்தி. மோடம்லேருந்து வர்ற லைனை அதோட லைன் போர்ட்ல குடுங்க, வீட்டு போன் எல்லாம் எக்ஸ்டென்ஷன்ல, டோர் போன் அதுக்கான போர்ட்ல. எல்லா மாடல்லயும் டோர் போன் போர்ட் கூடவே வராது, சிலதுல தனியா கார்டு போடணும், கேட்டு வாங்குங்க. கேட்ல பட்டனை அமுக்கினா மணி வேற தினுசா அடிக்கும், அம்மாவுக்கு வாசல்ல ஆள்னு சத்தத்துலயே தெரிஞ்சிடும்.

மறக்காம ஒண்ணு, வெளியிலேருந்து வந்த பழைய காப்பர் ஜோடி ரொசெட் பாக்ஸ்ல (போன் வயர் வந்து சேர்ற சின்ன பெட்டி) இன்னும் சேந்தேதான் இருக்கும். அதைக் கழட்டி விட்டுட்டுதான் வீட்டு வயர்ல புது சப்ளை விடணும். இல்லன்னா உங்க மோடம் தெருக்கோடி வரைக்கும் கரண்ட் அனுப்பிக்கிட்டு இருக்கும்.

அல்சூர்_பையன்:
அண்ணா 2020க்கு அப்புறமும் ஈபிஏபிஎக்ஸா 😄 ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் (Cat 6) இழுத்து கேட்ல அந்த நெட்வொர்க்லயே ஓடற ஐபி டோர் போன் மாட்டிடுங்க, கேபிள்லயே கரண்டும் போயிடும், 100 மீட்டர் வரைக்கும் பிரச்சனை இல்ல, ஹால்ல ஒரு ஐபி போன் வச்சா அம்மா அதே மாதிரி ரிசீவரை எடுத்தே பேசலாம், மூஞ்சியும் ஸ்க்ரீன்ல தெரியும், நீங்க ஆபீஸ்லேருந்தும் மொபைல்ல எடுத்துக்கலாம்.

பழைய_லைன்மேன்:
தம்பி சொல்றது தப்பில்ல, மூஞ்சி தெரியறது பெரிய விஷயம்தான். ஆனா சமையக்கட்டுக்கும் மாடிக்கும் இருக்கற வயர்ல அது ஓடாது, அங்கயும் புதுசா கேபிள் இழுக்கணும், அவர் செவுத்தைத் தொட மாட்டேங்கறார். அதோட அந்த அம்மா 50 வருஷமா எடுத்த ரிசீவர் எதுவோ அது இருக்கட்டுமே.

ஜெயநகர்_மாமி:
நான் பூட்டைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா சூடு பட்டவ. எங்காத்துல மொதல்ல காந்தப் பூட்டு போட்டா, பளபளன்னு ஆபீஸ் கதவு மாதிரி. அது கரண்ட் இருந்தாத்தான் பிடிச்சுக்கும். ஒரு மே மாச சாயங்காலம், நம்ம ஊர் இடிமழை தெரியுமே, கரண்ட் போய், பேட்டரியும் தீந்து, ராத்திரி பூரா கேட் ஆன்னு திறந்து கிடந்தது, காலம்பற பால்காரர் சொல்லித்தான் தெரியும். அப்புறம் மாத்தி எலெக்ட்ரிக் ரிம் லாக் போட்டோம். பூட்டுக்குள்ள கரண்ட் ஒரு செகண்ட் பாஞ்சாத்தான் திறக்கும், இல்லன்னா பூட்டினது பூட்டினபடி, சாவியும் போடலாம், உள்ளேருந்து கையாலயும் திறக்கலாம். வயசானவா தனியா இருக்கற ஆத்துக்கு இதுதான் சரி.

அதுலயும் ஒரு கூத்து. போன் கேபிள்ல மிச்சம் இருந்த ரெண்டு கம்பியிலயே பூட்டுக்கும் கரண்ட் விட்டார் அதை மாட்ட வந்த ஆள். உள்ள மேஜை மேல வச்சுப் பாத்தா டக்குனு அடிக்கறது, கேட்ல மாட்டினா முக்கறது, திறக்கல. பூட்டு கெட்டுப்போச்சுன்னு ரெண்டு பூட்டு மாத்தினோம்.

பழைய_லைன்மேன்:
மாமி, பூட்டு மேல தப்பே இல்ல. அரை மில்லிமீட்டர் போன் கம்பிக்கு 30 மீட்டர் போய் வர்றதுக்கே 5 ஓம் தடை வந்துடும். 12 வோல்ட், ஒரு ஆம்பியர் இழுக்கற பூட்டுன்னா கேட்ல போய்ச் சேர்றது 8 வோல்ட் சொச்சம்தான், முக்காம என்ன பண்ணும். பூட்டுக்குத் தனியா ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயர் விடணும், அப்ப 11 வோல்ட்டுக்கு மேல நிக்கும். டிசி பூட்டா இருந்தா காயில் மேல ஒரு 1N4007 டயோடை (ஒரு பக்கமா மட்டும் கரண்ட் விடற சின்ன உருப்படி) தலைகீழா போடுங்க, ரெண்டு ரூபா சமாச்சாரம், அது இல்லன்னா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பொறி பறந்து, பூட்டுக்கு கரண்ட் விடற சுவிட்ச், அதான் ரிலே, தேயும்.

மல்லேஸ்வரம் சாருக்கு முக்கியமானது: பூட்டைத் திறக்கற ரிலே வீட்டுக்குள்ள டப்பாவிலயே இருக்கணும். சில செட்ல அது கேட் பேனலுக்குள்ளயே வருது. அந்த மாதிரி வச்சா எவனாவது ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி ரெண்டு கம்பியைச் சேத்தா கேட் திறந்துக்கும். அப்புறம் இடிமழைக்கு லைன்ல ஜிடி ட்யூப் (இடியால வர்ற அதிக வோல்ட்டை எர்த்துக்குத் தள்ளி விடறது) போட்டு சரியா எர்த் பண்ணிடுங்க. டப்பா, மோடம், பூட்டோட பவர் சப்ளை மூணும் யுபிஎஸ்ல இருக்கணும், கரண்ட் போனா மோடமும் சேந்து செத்துடும், எக்ஸ்சேஞ்ச்லேருந்தே கரண்ட் வந்த காப்பர் காலம் இல்ல இது.

மல்லேஸ்வரம்_பழையவீடு:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். வேலை முடிஞ்சுது, செவுரு உடையல.

லைன்மேன் சார் சொன்னபடி பைப்புதான், முக்கால் இஞ்ச். ஆனா அதுக்குள்ளயே கேட் லைட்டோட 230 வயரும் போகுது, அதோட சேத்து போன் கேபிள் போடக்கூடாதுன்னு எலெக்ட்ரீஷியனே சொல்லிட்டார், நல்ல மனுஷன். கேட்டுக்கு சோலார் லைட் போட்டுட்டு அந்த வயரையும் உருவிட்டோம். பாதி வழியில பழைய வயர் பிச்சுக்கிச்சு, சம்பிகே மர வேர் பைப்பை நெருக்கியிருக்கு போல. மறுபக்கத்துலேருந்து ஜிஐ கம்பி விட்டு, சோப்புத் தண்ணி ஊத்தி, ரெண்டு பேர் ஒரு மத்தியானம் பூரா இழுத்தோம். எஸ்.பி. ரோடுல டப்பா, பி.வி.கே. ஐயங்கார் ரோடுல வயரும் பூட்டும். வீட்டுக்குள்ள பழைய போன் வயரையே வச்சுக்கிட்டோம், மூணு போனும் இப்ப அடிக்குது.

அம்மாவுக்கு ரெண்டே நாள்ல பழகிடுச்சு. கொரியர்காரன்கிட்ட எந்த ஊருப்பா நீன்னு விசாரிச்சுட்டுத்தான் திறக்கறாங்க. ஒரே தொல்லை, மத்தியானம் ஸ்ரீரங்கம் சித்தி போன் பண்ணா முக்கால் மணி நேரம், அப்ப கேட்ல யார் அமுக்கினாலும் பிஸி டோன்தான் போகுது. நேத்து சிலிண்டர்காரர் திரும்பிப் போயிட்டார். இதுக்கு ஏதாவது வழி?

பழைய_லைன்மேன்:
மூணு போனையும் ஒரே ஜோடியில ஓட்டியிருக்கீங்க, அதான் மூணும் ஒரே எக்ஸ்டென்ஷனா நிக்குது. சமையக்கட்டு பாக்ஸைத் திறந்து பாருங்க, பழைய கேபிள்ல நாலு கம்பி இருந்து ரெண்டுதான் உபயோகத்துல இருக்கும். மிச்ச ரெண்டை டப்பாவோட அடுத்த போர்ட்ல குடுத்து சமையக்கட்டு போனைத் தனி எக்ஸ்டென்ஷன் ஆக்கிடுங்க, டோர் போன் அடிச்சா ரெண்டு எக்ஸ்டென்ஷனும் அடிக்கற மாதிரி ப்ரோக்ராம் பண்ணுங்க, மேனுவல்ல இருக்கும். ஹால்ல பேசிட்டு இருந்தா சமையக்கட்டுல அடிக்கும்.

ஜெயநகர்_மாமி:
அடிச்சா மட்டும் போறுமா, சித்தியை வைக்கச் சொல்லிட்டு எழுந்துக்கணுமே 😀

மல்லேஸ்வரம்_பழையவீடு:
நாலு கம்பி இருக்கு சார், இப்பதான் பாக்ஸைத் திறந்து பாத்தேன். ஞாயித்துக்கிழமை உக்கார்றேன். மாமி, அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், சித்தியையே கேட்கச் சொல்லுன்னாங்க.