10 அடி எஸ்.யூ.பி. போர்டுக்கு ஒற்றை ஃபின்: நிமிர்ந்ததா, சாய்ந்ததா?

காட்பாடி ஜங்ஷன்
எல்லோருக்கும் வணக்கம். லாங்போர்டு (நீளமான அலைச்சறுக்குப் பலகை) வடிவத்தில் ஒரு 10 அடி எஸ்.யூ.பி., அதாவது நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை, பழையதாகக் கிடைத்தது. அகலம் 29 அங்குலம், உருண்டை மூக்கு. அடியில் நடுவே, ஃபின் (பலகைக்குக் கீழே தண்ணீரில் நிற்கும் தகடு) மாட்டுவதற்கான நீளமான பள்ளம், அதாவது பாக்ஸ், ஒன்றுதான். பக்க ஃபினுக்கு இடம் கிடையாது. நடு ஃபினையும் விற்றவர் தரவில்லை. என் எடை 82 கிலோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் காவேரிப்பாக்கம் ஏரியில் துடுப்புப் போடுவேன். லீவு கிடைத்தால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரமோ கோவளமோ போய்விடுவேன். இப்போதைக்கு ஒரே ஒரு ஃபின்தான் வாங்க முடியும். 10 அங்குல ஆழத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பிவட் ஃபினா, 9 அங்குல ஆழத்துக்குப் பின்னோக்கிச் சாய்ந்து நுனி வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் ஃபினா? இரண்டு பக்கமும் பேசுகிறார்கள், காரணத்தைத்தான் யாரும் சொல்வதில்லை.

வாலாஜா ரோடு
பிவட்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். லாங்போர்டு வடிவத்தில் போர்டு வாங்கியதே மூக்குவரை நடந்துபோய் நிற்கத்தானே? நீங்கள் முன்னால் போனதும் எடை முழுக்க மூக்குக்குப் போகும், பின்பக்கம் தூக்கப் பார்க்கும். அலையின் முகத்துக்குள் பின்பக்கத்தைப் பிடித்துவைப்பது அதன் மேல் ஓடும் தண்ணீரும் ஃபினும்தான். மேலிருந்து கீழ்வரை அகலம் குறையாமல், செங்குத்தாக ஆழம் இறங்கும் ஃபின் அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

இன்னொன்று, வேகம். ஃபினில் கிடைக்கும் பிடிப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும், இறங்கும். வேகம் பாதியானால் பிடிப்பு கால்வாசிதான். கோவளத்தில் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மெதுவான, இடுப்பு உயர அலை. அந்த வேகத்தில் சின்ன ஃபின் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். அடிக்கு ஓர் அங்குலம் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. 10 அடிக்கு 10 அங்குலம். அதையே வாங்குங்கள்.

சோழகக் காற்று
வாலாஜா அண்ணன் சொன்னதில் வேகக் கணக்கு சரி. மற்றது எனக்கு ஒப்புதல் இல்லை.

அடிக்கு ஓர் அங்குலம் என்பது படுத்துக் கையால் துழாவிப் போகிற லாங்போர்டுக்கு, அதாவது 22, 23 அங்குல அகலப் பலகைக்கு வந்த கணக்கு. இவருடையது 29. பின்பக்கமும் அதற்கேற்ப அகலம். அவ்வளவு அகலத்தை ஓரத்தில் சாய்ப்பதற்கே பலம் வேண்டும். அதற்கு அடியில் 25 சென்டிமீட்டர் தகடு நேராக நின்றால், சாய்க்கும்போதெல்லாம் அதுவும் எதிர்த்துத் தள்ளும்.

மூக்கா, திருப்பமா என்ற சண்டையும் புதிதில்லை. 1966இல் சான் டியாகோவில் நடந்த உலக அலைச்சறுக்குப் போட்டியில் மூக்கில் நிற்பதில் பேர்போன டேவிட் நுயிவா இறங்கினார். ஆஸ்திரேலியாவின் நாட் யங் 9 அடி 4 அங்குலப் பலகையில், ஜார்ஜ் கிரீனோ பாணியில் பின்னோக்கி வளைந்த ஃபினைப் போட்டு, அலைமுகம் முழுக்கத் திரும்பித் திரும்பி ஓட்டி ஜெயித்தார். கடலில் வேகமாகப் போகும் மீன்களின் துடுப்பைப் பார்த்து, நுனி மெலிந்து வளைந்துகொடுக்கும்படி கிரீனோ செய்த ஃபின் அது. திருப்பத்தில் நுனி வளையும், முடியும்போது நிமிர்ந்து ஓர் உந்து கொடுக்கும். அந்த உந்தைக் காலில் ஒருமுறை உணர்ந்தால் பிவட் பக்கம் போகமாட்டீர்கள்.

வாலாஜா ரோடு
நாட் யங் கையில் துடுப்பும் இல்லை, காலடியில் 29 அங்குலமும் இல்லை. 22, 23 அங்குலக் கணக்கு இவருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு 9 அடிப் பலகையை மட்டும் உதாரணம் காட்டுவது எப்படிச் சரியாகும்?

திருப்பத்தைப் பற்றியும் சொல்கிறேன். சாய்ந்த ஃபின் நன்றாகத் திரும்பும் என்று எல்லோரும் பொத்தாம்பொதுவாக எழுதுகிறார்கள். எந்தத் திருப்பம்? சாய்வு கூடக்கூட வளைவு நீளும், பெரிய அரைவட்டமாக ஓடும். நிமிர்ந்த ஃபினில் ஓர் அடி பின்னால் வந்து வாலை மிதித்தால், நின்ற இடத்திலேயே மூக்கு சுழலும். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பக்கத்து அலை வலது பக்கமாக உடைந்துகொண்டே போகும். அலை பிடித்த கையோடு மூக்கை வலப்பக்கம் திருப்பியாக வேண்டும். அங்கே நீண்ட அரைவட்டம் போட இடம் ஏது?

சோழகக் காற்று
மூக்கைத் திருப்பத்தான் கையில் துடுப்பு இருக்கிறதே அண்ணா! வலப்பக்கம் துடுப்பை ஊன்றிப் பிடித்தால் பலகை அதைச் சுற்றித் திரும்பிவிடும். துடுப்பு செய்கிற வேலைக்கு ஃபினையும் வாங்குவானேன்?

அந்தக் கோயில் பக்கத்தில் பாறையும் இருக்கிறது. தண்ணீர் வற்றிய நேரத்தில் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிர்ந்த ஃபின் பாறையில் மோதினால் அடி முழுக்க பாக்ஸுக்குத்தான் போகும். சாய்ந்தது என்றால் உரசி வழுக்கிப் போக வாய்ப்பு உண்டு. ஃபின் உடைந்தால் வேறு வாங்கலாம். பாக்ஸ் பிய்ந்தால் உள்ளே ஃபோமில் தண்ணீர் இறங்கும், பலகை கனத்துவிடும். வேலூரில் அதைச் சரிசெய்ய யாரைத் தேடுவீர்கள்?

காட்பாடி ஜங்ஷன்
ஏரியை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்களே. என் நேரத்தில் பாதி அங்கேதான். மழைக்குப் பிறகு பாலாற்று அணைக்கட்டுக் கால்வாயில் தண்ணீர் வந்து ஏரி நிரம்பியிருக்கும்போது பிரமாதமாக இருக்கும். கரையோரம் மட்டும் பாசியும் கொடியும். விற்றவர் ஃபின் தராததால் வேறொருவரிடம் ஒரு நிமிர்ந்த ஃபினை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சிறிது தூரத்திலேயே பலகை பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் நின்றது. புரட்டிப் பார்த்தால், ஃபினின் முன்விளிம்பு பாக்ஸோடு சேரும் மூலையில் வேலம்பாசி கயிறு திரித்ததுபோல் இறுகிக் கிடந்தது. கையால் பிய்க்க வரவில்லை, கத்தியால்தான் அறுத்தேன்.

சோழகக் காற்று
இதற்கு மேல் நான் என்ன சொல்ல? நிமிர்ந்த விளிம்பில் பாசி மாட்டினால் மாட்டியதுதான். சாய்ந்த விளிம்பில் கீழே வழிந்து நுனியோடு கழன்றுவிடும். நேராகப் போவதற்கும் இதுதான் நல்லது. ஒரு பக்கம் துடுப்புப் போடும்போது மூக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கும் அல்லவா? சாய்ந்த ஃபினின் பரப்பு பலகையின் நடுவிலிருந்து இன்னும் பின்னால் தள்ளி உட்காருவதால் அந்த ஒதுங்கல் குறையும். பக்கம் மாற்றாமல் கூடுதலாக இரண்டு மூன்று முறை துடுப்பு வலிக்கலாம்.

குடியாத்தம் செல்வி
பாக்ஸுக்குள் எங்கே வைப்பது என்பதை ஏன் யாருமே பேசவில்லை? 9, 10 என்று அடித்துக்கொள்கிறீர்கள். அந்தப் பள்ளத்தின் நீளமே சுமார் 10 அங்குலம். முன்னால் தள்ளினால் பலகை இளகும், சட்டென்று திரும்பும். பின்னால் தள்ளினால் இறுகும், நேராக ஓடும். அரை அங்குலம் நகர்த்தினாலே காலில் தெரியும். ஏரியில் என்றால் பின்னால், கடலில் என்றால் பாக்ஸின் நடுவில் என்று மாற்றி வைத்தால் ஒரே ஃபினே இரண்டு ஃபின் மாதிரி வேலை செய்யும். நான் மார்க்கர் பேனாவால் பாக்ஸ் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கரையில் உட்கார்ந்து திருகைத் தளர்த்தி, நகர்த்தி, முடுக்க ஐந்து நிமிடம் போதும்.

திருகும் சின்னத் தகடும் ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்குங்கள். ஈரத்தோடு பையில் வைத்துக் கொண்டுவந்தால் மற்றது துருப்பிடித்து பாக்ஸிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தம்பிக்கு என் யோசனை: சாய்ந்த ஃபினே வாங்குங்கள், ஆனால் அடிப்பாகம் அகலமானதாக. முழுக்க ஃபைபர் கிளாஸாக இருக்கட்டும், உள்ளே தேன்கூடு மாதிரி அறைகள் வைத்தது வேண்டாம். முழு ஃபைபர் என்றால் பெரியதாகத் தோன்றினால் நுனியைத் தேய்த்துக் குறைக்கலாம். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. கடையில் நுனியைத் தரையில் லேசாக அழுத்திப் பாருங்கள். நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வளைய வேண்டும், அடிப்பாகம் அசையக் கூடாது. மொத்தமும் வளைந்தால் அது பிளாஸ்டிக் வகை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாலாஜா ரோடு
செல்வி சொன்ன இடமாற்றம் அருமை, நானும் செய்வதுதான். ஆனால் நகர்த்துவதால் ஃபினின் ஆழம் அதிகமாகிவிடாது. மெதுவான அலையில் பலகை இடவலமாக ஆடாமல் நிற்பதற்கு ஆழம் பெரிய துணை, அதுவும் 82 கிலோவுக்கு. பாசி ஏரிக்கரையோடு போகிற பிரச்சினை. கரையைத் தாண்டும்வரை முழங்கால் ஆழத்தில் பலகையைக் கையால் பிடித்து நடத்திப் போங்கள். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக் கடலுக்குப் போய், மூக்குக்கு நடக்கும்போது வால் நழுவினால் அந்த வருத்தம் பெரிது.

காட்பாடி ஜங்ஷன்
இரண்டு பேருக்கும் அக்காவுக்கும் நன்றி. அடிப்பாகம் அகலமான 9.5 அங்குல சாய்ந்த ஃபின், முழு ஃபைபர், சொல்லிவிட்டேன். எனக்கு இன்னும் மூக்குவரை நடக்க வராது, பாதி தூரம்தான். அதனால் பாசியும் பாறையும்தான் முதல் கவலை. நடுவில் வைத்துத் தொடங்குகிறேன்.

வாலாஜா ரோடு
நடக்க வந்த பிறகு என் பிவட்டை ஒரு நாள் எடுத்துப் போட்டுப் பாருங்கள் தம்பி. ராணிப்பேட்டை பைபாஸ் வழியாகத்தானே போவீர்கள், போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம்.

சோழகக் காற்று
போடுங்கள், ஆனால் கோவளத்தில் போடுங்கள். கோயில் பக்கம் தண்ணீர் ஏறியிருக்கும்போது மட்டும்.